கல்யாணத்துக்கு ஒரு கன்டாட்டா: பாஹின் 196 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபைப் பாடகர் குழுவில் பாஸ், அதாவது ஆண்களின் தாழ்ந்த குரல், பாடுகிறவன் நான். ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாஹின் ‘டெர் ஹெர் டெங்கெட் ஆன் உன்ஸ்’ என்ற கன்டாட்டாவை (அவர் படைப்புகளின் பட்டியலில் 196-ஆம் எண்) எங்கள் குழு பயிற்சிக்கு எடுத்ததிலிருந்து, உடன் பாடுகிறவர்களும் கேட்க வருகிறவர்களும் கல்யாணத் தேதி குறித்தவர்களும் அதே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் எழுதிச் சலித்துவிட்டது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

கன்டாட்டான்னா என்ன? ஒரு பாட்டா, பல பாட்டா?

பல பாட்டுகள் சேர்ந்த ஒரே படைப்பு. குழுப்பாடல், தனிப்பாடல், இருவர் பாடும் பகுதி, வாத்தியம் மட்டும் வரும் பகுதி என்று சில துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே இருக்கும். நாடகம் கிடையாது, வேஷம் கிடையாது. நின்ற இடத்தில் நின்று பாடுவது. பத்து நிமிடத்திலும் முடியும், அரை மணிக்கு மேலும் போகும்.

பரோக் காலம் என்று இசைக்காரர்கள் சொல்வது ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை. அந்தக் காலத்து ஜெர்மன் லூத்தரன் ஆலயங்களில் ஞாயிறு ஆராதனைக்கும் பண்டிகைக்கும் அடக்கத்துக்கும் நகரசபை பதவியேற்புக்கும் கன்டாட்டா எழுதினார்கள். கல்யாணத்துக்கும் எழுதினார்கள்.

இந்த 196-ல என்னதான் பாடுறாங்க? கல்யாணம்ங்கிற பேச்சே வரலையே?

வராது. மணமகன், மணமகள், காதல், மோதிரம் எதுவும் இல்லை. சங்கீதம் 115-இல் 12 முதல் 15 வரையுள்ள நான்கு வசனங்கள்தான் முழுப் பாட்டும். தமிழ் வேதாகமம் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம்: “கர்த்தர் நம்மை நினைத்திருக்கிறார், அவர் ஆசீர்வதிப்பார்” என்று தொடங்கும். இஸ்ரவேல் குடும்பத்தாரை, ஆரோன் குடும்பத்தாரை, கர்த்தருக்குப் பயப்படுகிற பெரியோரையும் சிறியோரையும் ஆசீர்வதிப்பார் என்று விரிந்துகொண்டே போய், “உங்களையும் உங்கள் பிள்ளைகளையும்” என்று எதிரில் இருப்பவர்களை நேராகப் பார்த்துப் பேசும்.

வசனத்துக்கு வெளியே சேர்த்த ஒரே சொல், கடைசியில் வரும் ஆமென். கவிஞர் எவரும் புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை.

அப்புறம் இது கல்யாணப் பாட்டுன்னு யார் சொன்னது?

பாஹ் சொன்னதாக எந்தத் தாளும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பாஹின் வாழ்க்கையை விரிவாக எழுதிய பிலிப் ஷ்பிட்டா என்ற அறிஞர்தான் ஒரு குறிப்பிட்ட கல்யாணத்தைச் சுட்டிக்காட்டினார். அந்தக் குடும்பக் கதை சுவாரசியமானது.

1707 அக்டோபர் 17 அன்று, ஆர்ன்ஷ்டாட் ஊருக்கு அருகில் உள்ள டோர்ன்ஹைம் கிராமத்து ஆலயத்தில் பாஹுக்கும் மரியா பார்பராவுக்கும் திருமணம். அப்போது பாஹுக்கு 22 வயது, ம்யூல்ஹவுசன் நகரில் ஆர்கன் வாசிக்கிற வேலை. மரியா பார்பராவும் பாஹ் குடும்பத்துப் பெண்தான், இரண்டுவிட்ட உறவு. கல்யாணத்தை நடத்திவைத்தவர் டோர்ன்ஹைம் போதகர் யோஹான் லோரென்ஸ் ஸ்டௌபர். எட்டு மாதத்துக்குள், 1708 ஜூன் 5 அன்று, அந்தப் போதகருக்கே கல்யாணம். மணமகள் ரெகீனா வேடமன், மரியா பார்பராவின் அம்மாவோடு கூடப் பிறந்தவர். தனக்குக் கல்யாணம் செய்துவைத்த போதகர், இப்போது மனைவி வழியில் சொந்தமும் ஆகிறார். அவருக்கு பாஹ் இதை எழுதியிருப்பார் என்பது ஷ்பிட்டாவின் யூகம்.

ஆரோன் குடும்பம்னு வர்றதாலதான் போதகர் கல்யாணம்னு சொல்றாங்களா?

ஆமாம், அதுதான் யூகத்துக்குப் பெரிய முட்டு. ஆரோன் ஆசாரியர்களின் முன்னோர். போதகர் மணமகனாக முன்னால் நிற்கும்போது “ஆரோன் குடும்பத்தாரை ஆசீர்வதிப்பார்” என்று குழு பாடினால் சபையில் எல்லோருக்கும் புரியும். அடுத்து “உங்கள் பிள்ளைகளையும்” என்ற வசனம்.

ஆனால் சங்கீதத்தில் இருப்பது இருக்கிறபடி வந்திருக்கிறது. ஆரோனைத் தேடி எடுத்துப் போடவில்லை. நான்கு வசனத்தைத் தொடர்ச்சியாக எடுத்தால் ஆரோன் தானாகவே வந்துவிடுவார்.

அப்போ ஸ்டௌபர் கல்யாணம்னு நோட்டீஸ்ல போடலாமா, கூடாதா?

“போதகர் ஸ்டௌபரின் திருமணத்துக்காக இருக்கலாம்” என்று போடுங்கள். ‘இருக்கலாம்’ என்பதை விட்டுவிடாதீர்கள். பாஹ் தன் கையால் எழுதிய பிரதி இன்று இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் பழைய பிரதி, பாஹ் பிற்காலத்தில் வேலை பார்த்த லைப்சிக் நகரத்துத் தோமாஸ் பள்ளி மாணவர் யோஹான் லூட்விக் டீட்டெல் 1730-களின் தொடக்கத்தில் எடுத்த நகல். இசை பிறந்ததற்கும் அந்த நகலுக்கும் நடுவில் இருபது ஆண்டுக்கு மேல் இடைவெளி.

என் கருத்தைக் கேட்டால், வசனங்கள் கல்யாணத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன என்பதை ஏற்கிறேன். இன்னாரின் கல்யாணம் என்று சத்தியம் செய்யத் தயாரில்லை.

பாஹ் தன்னோட சொந்தக் கல்யாணத்துக்கே எழுதியிருக்கக் கூடாதா?

எழுதியிருக்கலாம். அதே ஆலயம், அதே ஆட்கள், சில மாதம் முன்னால், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சமயத்தில் தாய்வழி மாமா தோபியாஸ் லெமர்ஹிர்ட் உயிலில் எழுதிவைத்த 50 குல்டன் காசும் கைக்கு வந்திருந்தது. இதையே பிடித்துக்கொண்டு “மாமா காசில் கல்யாணம், கல்யாணத்தில் இந்தப் பாட்டு” என்று கதை கட்டுகிறவர்களும் உண்டு. கதைதான்.

196-ன்னா அவர் எழுதின 196-வது கன்டாட்டாவா?

இல்லை. பி.டபிள்யூ.வி. என்று போடுகிற பாஹ் படைப்பு எண்கள் காலவரிசை கிடையாது. வோல்ஃப்காங் ஷ்மீடர் 1950-இல் வெளியிட்ட பட்டியல் அது. படைப்புகளை வகைவாரியாக அடுக்கினார். 195, 196, 197 மூன்றையும் திருமணத்துக்கானவை என்று வைத்ததால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 196 பாஹ் இருபதுகளின் தொடக்கத்தில் எழுதியது, 197 ஐம்பதை எட்டியபிறகு எழுதியது.

தேதியே இல்லைங்கிறீங்க, இளவயசுல எழுதினதுன்னு மட்டும் எப்படித் தெரியும்?

கட்டமைப்பு காட்டிக்கொடுக்கிறது. 1704-ஐ ஒட்டி எர்ட்மான் நோய்மைஸ்டர் என்ற போதகர் ஒரு புதிய பாணியைப் பரப்பினார். பேசுவதுபோலப் பாடும் ரெசிட்டேடிவ், பின்னால் ஏரியா என்ற தனிப்பாடல், மறுபடி ரெசிட்டேடிவ் என்று இத்தாலிய ஓபராவின் வரிசை. வரிகளும் புதிதாக எழுதிய கவிதை. ம்யூல்ஹவுசனை விட்டு வைமார் நகர வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் கழித்து பாஹும் அந்தப் பாணிக்கு வந்துவிட்டார். லைப்சிக்கில் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட கன்டாட்டாக்களில் பெரும்பாலானவை அப்படித்தான்.

196-இல் ரெசிட்டேடிவ் இல்லை. வேத வசனம் மட்டும், ஒவ்வொரு பகுதியும் குட்டி குட்டியாக. பாஹின் ஆரம்பகால ஆலய இசை இந்த மாதிரிதான் இருக்கும். அதனால் ம்யூல்ஹவுசன் காலம், ஏறத்தாழ 1707–08 என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

முதல் தடவை கேட்கிறேன். எதைக் கவனிச்சுக் கேட்கணும்?

மொத்தம் ஐந்து பகுதி, பத்துப் பன்னிரண்டு நிமிடம். முதல் தடவை ஒன்றையும் கவனிக்காமல் கேளுங்கள். இரண்டாவது தடவை, தொடக்கத்தில் வரும் சிம்ஃபோனியாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். தந்தி வாத்தியங்களும் ஆர்கனும் மட்டும். ஒரு சுரம் நீண்டு அடுத்தது வெட்டி விழும் நடை. இரண்டு நிமிடம்கூட இருக்காது. அது முடிந்து குழு “டெர் ஹெர் டெங்கெட் ஆன் உன்ஸ்” என்று நுழையும்போது, வயலின் ஏற்கெனவே அதைக் கோடி காட்டிவிட்டது தெரியும். நடுவில் இஸ்ரவேல் குடும்பம், ஆரோன் குடும்பம் வரும் இடத்தில் ஒரு குரல் தொடங்கியதை அடுத்த குரல் வாங்கும், அதை இன்னொன்று வாங்கும். நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிய பிறகு முதல் வசனத்துக்கே திரும்பி வந்து நிற்கும்.

மூன்றாவது, சொப்ரானோ (மிக உயர்ந்த குரல்) தனிப்பாடல். சி மேஜரில் போய்க்கொண்டிருந்த இசை ஏ மைனருக்குள் இறங்கும். இரண்டு வயலினும் சேர்ந்து ஒரே வரியை வாசிக்கும். தொடங்கிய வசனமே முடிவில் திரும்ப வருகிற ‘டா காப்போ’ அமைப்பைச் சின்ன அளவில் இங்கே பார்க்கலாம். பிற்காலத்தில் பாஹ் பத்து நிமிடத்துக்கு இழுக்கிற விஷயத்தை இதில் இரண்டரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார். எனக்கு ஐந்திலும் பிடித்தது இதுதான். “பெரியோரையும் சிறியோரையும் ஆசீர்வதிப்பார்” என்ற சந்தோஷமான வசனத்துக்கு ஏன் இந்தச் சன்னமான சோகம் என்று ஒத்திகையில் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்கிறார்கள்.

நான்காவது டெனரும் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாஸும் சேர்ந்து பாடுவது. “உங்களையும் உங்கள் பிள்ளைகளையும்” என்ற ஆசி இதில்தான். ‘மேலும் மேலும்’ என்று பொருள்படும் ‘யே மேர் உன்ட் மேர்’ என்ற சொற்களை இருவரும் மாறி மாறி வாங்கிக் கொடுப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் அட்சதை போடுகிற மாதிரி. கடைசிக் குழுப்பாடலில் வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்று அறிவித்துவிட்டு, ஆமென் என்ற ஒரே சொல்லை நீளமாக இழைப்பார்கள். பாடுகிறவர்களுக்கு மூச்சு வாங்குவது அங்கேதான்.

ஒவ்வொரு ரெக்கார்டிங்கும் ஒவ்வொரு சுருதியில இருக்கே, எது சரி?

இன்று உலகம் முழுக்கப் பொதுவான ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ். பழைய வாத்தியங்களில் வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் 415-இல் வைப்பார்கள், அது அரை சுரம் தாழ்வு. அந்தக் கால ஜெர்மன் ஆலய ஆர்கன்கள் உயரமான சுருதியில் இருந்ததால், ஆரம்பகால பாஹை 465-இல் பாடுகிறவர்களும் உண்டு, அது அரை சுரம் உயரம். எல்லாமே சரிதான். பதிவோடு சேர்ந்து பாடிப் பழகும்போது மட்டும் உங்கள் கீபோர்டு எதில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

காதலே இல்லாம என்ன கல்யாணப் பாட்டு? ரொம்ப வறட்சியா இருக்கே.

இந்தக் கேள்விக்கு லூத்தர் வரை போகவேண்டும். 1529-இல் அவர் எழுதிய சிறிய திருமண நூலில், கல்யாணம் என்பது உலகக் காரியம், ஊருக்கு ஊர் வழக்கம் மாறும், அதில் போதகர்கள் தலையிட ஒன்றுமில்லை என்கிறார். கத்தோலிக்கச் சபையில் இருப்பதுபோல லூத்தரன் சபையில் திருமணம் ஓர் அருட்சாதனம் கிடையாது. அவர் வகுத்த முறையில் சம்மதம் கேட்பதும் மோதிரம் மாற்றுவதும் ஆலய வாசலில் முடிந்துவிடும். பிறகு பலிபீடத்துக்கு முன்னால் போய் வேத வாசிப்பும் ஆசீர்வாதமும். ஆலயத்துக்கு உள்ளே நடப்பது ஆசி கேட்பதுதான்.

அதனால் ஆலயத்துக்கு எழுதிய கல்யாண இசை ஆசியைப் பற்றியே பேசும். இரண்டு பேர் எப்படிச் சந்தித்தார்கள், ஒருவரை ஒருவர் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதற்கெல்லாம் விருந்து வீடு இருந்தது.

விருந்து வீட்டுல பாடினதும் கன்டாட்டாதானா? 202-ம் கல்யாண கன்டாட்டான்னு போட்டிருக்கே?

அதுவும் கல்யாண கன்டாட்டாதான், ஆனால் ஆலயத்துக்கு எழுதியதில்லை. ‘வைஹெட் நூர், பெட்ரூப்டெ ஷாட்டன்’ என்ற 202 ஒரு சொப்ரானோ, ஓபோ, தந்தி வாத்தியங்களுக்கு எழுதியது. பனி விலகுகிறது, வசந்தம் வருகிறது, ஃபோய்புஸ், ஃப்ளோரா, ஆமோர் என்று ரோம, கிரேக்கத் தெய்வங்கள் வருகிறார்கள். முத்தம்கூட வருகிறது. இதுவும் நகலால் பிழைத்ததுதான். 1730-இல் யோஹானெஸ் ரிங்க் என்ற பையன் எடுத்த பிரதி, அவன் பிறந்தது 1717-இல்.

வேடிக்கைக்கும் குறைவில்லை. கல்யாண வீட்டுக் கும்மாளத்துக்கு எழுதியதுபோல் இருக்கிற ‘க்வோட்லிபெட்’ ஒன்றின் துண்டு, 524-ஆம் எண், பாஹின் கையெழுத்திலேயே கிடைத்திருக்கிறது. கிண்டலும் உளறலும் கலந்த பாட்டு. குடும்பத்தில் முன்னோடியும் உண்டு: ஐசனாக் நகரில் ஆர்கன் வாசித்த யோஹான் கிறிஸ்டோஃப் பாஹ், உன்னதப்பாட்டு வசனங்களை எடுத்து ஒரு கல்யாண இசை எழுதினார். அதன் பிரதியை எடுத்தவர் நம் பாஹின் அப்பா அம்ப்ரோசியஸ்.

ஆலயத்துக்குன்னு எழுதின கல்யாண கன்டாட்டா வேற என்னென்ன இருக்கு?

பெரியது 197, ‘காட் இஸ்ட் உன்ஸ்ரெ ஸூஃபெர்சிக்ட்’. 1736–37-ஐ ஒட்டியது, பத்துப் பகுதி. எக்காளம் மூன்று, பேரிகை, ஓபோ எல்லாம் உண்டு. இரண்டு பாகமாகப் பிரித்து, முதல் பாகத்தைத் திருமணச் சடங்குக்கு முன்பும் இரண்டாவதைப் பின்பும் பாடினார்கள். அந்தச் செலவைத் தாங்கிய குடும்பம் எது என்று பெயர் இல்லை. 195 சங்கீதம் 97-இன் “நீதிமானுக்கு வெளிச்சம்” என்ற வசனத்தில் தொடங்குவது. அதன் கடைசி வடிவம் பாஹின் இறுதி ஆண்டுகளைச் சேர்ந்தது. பழைய வடிவத்தில் சடங்குக்குப் பின் பல பகுதி இருந்ததை வெட்டி, ஒரே ஒரு சபைப்பாட்டோடு முடித்துவிட்டார். விருந்துக்கு நேரமாகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்களோ என்று நான் நினைத்துக்கொள்வேன்.

120ஏ, 34ஏ இரண்டும் அரைகுறையாகத்தான் கிடைத்திருக்கின்றன. ஒரு நாள் தேவைக்கு எழுதுவது, பிறகு தாள்கள் சிதறிப்போவது, இதுதான் கல்யாண இசையின் தலையெழுத்து. இவற்றைப் பற்றி அடுத்த பதிலில்.

ஒரு கல்யாணத்துக்கு எழுதினதை எடுத்து வேற எதுக்கோ போட்டுட்டார்ங்கிறாங்களே, அது ஏமாத்து இல்லையா?

அந்தக் காலத்தில் யாரும் அப்படி நினைக்கவில்லை. கல்யாணம் ஒரு நாள்தான். அந்த வரிகளோடு அந்த இசை மறுபடி ஒலிக்க வாய்ப்பே கிடையாது. நல்ல இசையைப் புதிய வரி மாட்டிக் காப்பாற்றுவது புத்திசாலித்தனம். 34ஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள். 1726-ஐ ஒட்டி எழுதியது, மணமகன் ஒரு போதகர் என்று வரிகளிலிருந்து தெரிகிறது. ஆல்ட்டோ (சொப்ரானோவுக்கு அடுத்த குரல்) பாடும் தாலாட்டுப் போன்ற பாட்டு, “உண்மையுள்ள யாக்கோபு நேசிக்கிற ஆடுகளே, நீங்கள் பாக்கியவான்கள்” என்ற பொருளில் வரும். ஆடுகள் சபையார், யாக்கோபு மேய்ப்பர். அதே இசை பெந்தெகொஸ்தே நாளுக்கான 34-ஆம் கன்டாட்டாவுக்குள் போனது. ஆடுகள் ஆத்துமாக்கள் ஆயின. கல்யாணப் பிரதி சிதைந்து, பெந்தெகொஸ்தே பிரதி முழுசாக நிற்கிறது.

120ஏ இன்னும் வேடிக்கை. அதில் ஆர்கன் முன்னணியில் ஓடுகிற சிம்ஃபோனியா, பாஹ் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் (பல துண்டுகள் கொண்ட வாத்திய இசை) முதல் பகுதியேதான். 1731-இல் லைப்சிக் நகரசபைக்கான 29-ஆம் கன்டாட்டாவிலும் அது வருகிறது. 120-ஆம் கன்டாட்டாவோடு 120ஏ பகிர்ந்துகொள்ளும் குழுப்பாடல் இசை, ‘பி மைனர் மிஸ்ஸா’ என்ற பாஹின் பெரிய வழிபாட்டு இசையில் மரித்தோர் உயிர்த்தெழுதலைப் பாடும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எதிர்த்திசையிலும் நடந்தது. 197-இல் பாஸ் பாடும் “இனிய தம்பதியே” என்ற பாட்டு, அதற்கு முன் கிறிஸ்துமஸ் கன்டாட்டா ஒன்றில் பாலன் இயேசுவைப் பார்த்து “இனிய பொக்கிஷமே” என்று பாடியது. யாரைப் பார்த்துப் பாடுகிறோம் என்பது மாறியிருக்கிறது, பாடுகிற குரலும் மாறியிருக்கிறது: கிறிஸ்துமஸில் அதைப் பாடியது ஆல்ட்டோ. 

இதுக்கெல்லாம் பாஹுக்குக் காசு கிடைச்சுதா?

கிடைத்தது, அதை அவர் எண்ணிக்கொண்டும் இருந்தார். லைப்சிக்கில் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் வரும் கட்டணம் சம்பளத்துக்கு மேல் பெரிய பங்கு. 1730 அக்டோபர் 28 அன்று பள்ளித் தோழர் கேயோர்க் எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தில், வேலை ஏறத்தாழ 700 தாலர் (அந்தக் கால ஜெர்மன் வெள்ளிக்காசு) பெறும், சாவு அதிகமானால் வரும்படி கூடும், ஊரில் நல்ல காற்று வீசினால் குறையும், போன ஆண்டு அடக்கக் கட்டணத்தில் மட்டும் 100 தாலருக்கு மேல் நட்டம் என்று புலம்பியிருக்கிறார்.

கல்யாணத்திலும் தரம் உண்டு. முழுத் திருமண ஆராதனை கேட்கிற வசதிக்காரர்களுக்குக் கன்டாட்டா. பாதி ஆராதனைக்குச் சபைப்பாட்டுகள் மட்டும். 250, 251, 252 என்ற எண்களில் உள்ள மூன்று கல்யாணச் சபைப்பாட்டுகள் இப்படிப்பட்ட சந்தர்ப்பத்துக்கானவை.

சொப்ரானோ பாகத்தை அன்னைக்குப் பெண்தான் பாடியிருப்பாங்களா?

ஆலயத்தில் பொதுவாகச் சிறுவர்கள் பாடுவார்கள். ஆனால் 1706 நவம்பரில் ஆர்ன்ஷ்டாட் சபை அதிகாரிகள் பாஹை அழைத்து, பாடகர் மாடத்தில் யாரோ ஒரு கன்னிப்பெண்ணை ஏற்றிப் பாடவைத்தது யார் அனுமதியில் என்று கேட்டார்கள். போதகர் ஊட்டேயிடம் சொல்லிவிட்டேன் என்று பதில் வந்தது. அந்தப் பெண் மரியா பார்பரா என்று பலர் எழுதுகிறார்கள். பதிவேட்டில் பெயர் இல்லை. ஸ்டௌபர் கல்யாணத்துக்கு என்ன பதில் சொன்னேனோ, அதேதான் இதற்கும்.

பாஹோட ‘ஜீசஸ் ஜாய்’, பாகல்பெல் ‘கேனன்’ எல்லாம் கல்யாணத்துல வாசிக்கிறாங்களே, அதுதானே உண்மையான கல்யாண இசை?

முதலாவது 147-ஆம் கன்டாட்டாவில் வருவது. 1723 ஜூலை 2, மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த திருநாளுக்குப் பாடியது. கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘கேனன்’, பாஹின் அண்ணன் யோஹான் கிறிஸ்டோஃபின் 1694 கல்யாணத்துக்கு எழுதியது என்று ஒரு பேச்சு உண்டு. அதை எழுதிய ஜெர்மன் இசையமைப்பாளர் பாகல்பெல் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தார், அதைத் தவிர ஆதாரம் இல்லை. மணமகள் நுழையும்போதும் தம்பதி வெளியேறும்போதும் வாசிக்கிற இரண்டு மார்ச்சுகளும் 19-ஆம் நூற்றாண்டு மேடை இசை, ஒன்று வாக்னரின் ஓபராவிலிருந்து, மற்றது மெண்டல்சன் ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கு எழுதியது.

வாசிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் ஆலயக் கல்யாணத்துக்கு பாஹ் எழுதியதே வேண்டும் என்றால் மேலே சொன்ன பட்டியலிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

நம்ம ஊர் சபைகளுக்கும் இதுக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா?

பாஹோடு நேரடியாக இல்லை. காலம் மட்டும் ஒன்று. லூத்தரன் மிஷனரி ஸீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலையில். அங்கே முதல் எருசலேம் ஆலயம் எழும்பியது 1707-இல், பாஹ் டோர்ன்ஹைமில் கல்யாணம் செய்துகொண்ட அதே ஆண்டு. அந்த மிஷனரிகள் கொண்டுவந்த ஜெர்மன் சபைப்பாட்டு மெட்டுகள் இன்றும் லூத்தரன் சபைகளில் ஞானப்பாட்டுகளாகப் புழங்குகின்றன. ‘நூன் டாங்கெட் அல்லெ காட்’ மெட்டு தெரிந்தவர்கள் 252-ஐக் கேட்டால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். 196-இல் மட்டும் அப்படி எந்த மெட்டும் கிடையாது.

எங்க கல்யாணத்துல 196 பாடணும். ஆகுற காரியமா?

197 என்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். 196 ஆகும். நான்கு குரல், இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, டபுள் பேஸ், ஆர்கன். எக்காளம் வேண்டாம், ஓபோ வேண்டாம். குரலுக்கு ஒருவர் வைத்தாலே போதும், மூன்று பேர் வைத்தால் ஆமென் பகுதியில் மூச்சைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வயோலா கிடைப்பதுதான் இங்கே கஷ்டம். அந்த வரியைக் கீபோர்டில் வாசித்துச் சமாளிக்கிறவர்கள் உண்டு.

இசைத்தாளுக்குக் காசு செலவழிக்கவேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் லைப்சிக் பாஹ் சங்கம் அச்சிட்ட பழைய பதிப்புக்கு இன்று உரிமைக் கட்டுப்பாடு கிடையாது, இணையத்தில் கிடைக்கும். புதிய பதிப்புகளை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். பாட்டு பழையதானாலும் பதிப்புக்கு உரிமை உண்டு.

ஜெர்மன் யாருக்கும் புரியாதே. தமிழ் வசனத்தை அதே மெட்டுல போட்டுப் பாடலாமா?

முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். குழு ஓடுகிற ஓட்டத்தில் தமிழ் வசனம் மூச்சு முட்டிப்போகிறது. நான் சொல்வது: பாட்டுக்கு முன் சங்கீதம் 115-ஐ 12-ஆம் வசனத்திலிருந்து மணமக்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் தமிழில் வாசிக்கட்டும், பிறகு ஜெர்மனில் பாடுங்கள். நான்கே வசனம் என்பதால் சபையார் எங்கே இருக்கிறோம் என்று தொலைந்துபோக மாட்டார்கள்.

ஆயர் பத்து நிமிஷம் தரமாட்டேங்கிறார். ஒரு துண்டு மட்டும் பாடினா எதைப் பாடலாம்?

ஆசீர்வாதத்துக்கு முன் என்றால் நான்காவது, டெனர்–பாஸ் பாடல். தம்பதியை நேராகப் பார்த்துச் சொல்லும் ஆசி அது, இரண்டு நல்ல குரல் போதும், குழு ஒத்திகையே தேவையில்லை. கையெழுத்துப் போடுகிற நேரத்தை நிரப்பவேண்டும் என்றால் சொப்ரானோ தனிப்பாடல். கடைசிக் குழுப்பாடலை மட்டும் தனியாக எடுத்துப் பாடாதீர்கள். முன்னால் நான்கு பகுதி ஓடிவராமல் அந்த ஆமென் அந்தரத்தில் நிற்கும். சிம்ஃபோனியாவை மணமகள் நுழையும்போது வாசிக்கலாம், ஆனால் நடைபாதை நீளமாக இருந்தால் இருமுறை வாசிக்கவேண்டிவரும் என்று வயலின்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.